உறைபனிக் காலத்தில் கணினியில் ராம் (நினைவகம்) மாட்டுவது: நிலைமின்சாரத்திலிருந்து கணினியைக் காப்பது எப்படி?

குன்னூர்த் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவளுடைய மேசைக் கணினியில் 8 ஜிபி ராம்தான் இருக்கிறது. வரைபட மென்பொருளைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ராமும், ஒரு எஸ்எஸ்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். காணொளிகளைப் பார்த்தால் வேலை எளிதாகத்தான் தெரிகிறது. நானே மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு பயம். தை பிறந்ததிலிருந்து இங்கே காற்று வறண்டு கிடக்கிறது. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. மாலையானால் அறையில் ஹீட்டர் ஓடுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறப்பது கண்ணுக்கே தெரிகிறது. நைலான் கம்பளத்தில் நடந்துபோய் பீரோ கைப்பிடியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்கிறது. இப்படிப்பட்ட கையோடு ராமை எடுக்கலாமா?

ஊரில் கணினிக் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். "நான் எப்போதும் வெறுங்கையால்தான் எடுத்து மாட்டுகிறேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை" என்றார். இணையத்தில் படித்தால் ஒரு பொறி போதும், எல்லாம் போய்விடும் என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கணினி ஓடும்போது அதன் பின்பக்கத் திருகுகளைப் புறங்கையால் தடவினால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரிகிறது. அதுவும் நிலைமின்சாரம்தானா? மணிக்கட்டுப் பட்டை என்று ஒன்று விற்கிறார்களே, அது அவசியமா? இதிலே கம்பியே இல்லாத பட்டையும் இருக்கிறது; அதை வாங்கினால் வேலை செய்யச் சுலபமாக இருக்குமா?

வடபழனி வாசகர் எழுதியது:

ஐயா, அதிகம் கவலைப்பட வேண்டாம். சென்னையில் பல கணினிகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். தொடங்கும் முன் கேபினெட்டை ஒருமுறை தொட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். பட்டை எதுவும் கட்டியதில்லை. ராமின் தங்க நிறப் பற்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்தால் போதும். கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

காஞ்சி போர்டுக்காரி எழுதியது:

ஐயா, வணக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே லேப்டாப் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கடைக்காரர் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. சிப்களின் ஒவ்வொரு காலுக்கும் உள்ளே காப்பு டயோடுகள் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். மனித உடலில் இருந்து வரும் ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட் தாக்குதலைப் பல சிப்கள் அந்த டயோடுகளின் தயவால் தாங்கிவிடும். சென்னையில் காற்றே ஈரம். ஈரக் காற்றில் துணி, தரை, தோல் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும்; மின்னூட்டம் சேரச் சேர அதன் வழியே கசிந்து போய்விடும். ஆகவே வடபழனித் தம்பியின் கையில் எதுவும் போகாததில் வியப்பில்லை. ஆனால் அவர் அனுபவம் குன்னூருக்கு, அதுவும் தை மாதத்துக்கு, ஹீட்டர் போட்ட அறைக்குப் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். 5 டிகிரி குளிரில் ஈரம் நிறைந்த காற்றை அறைக்குள் கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 37 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே இருக்கும் காற்றே வறண்டதென்றால் இன்னும் கீழே போகும். எங்கள் துறையில் பயிற்சி வகுப்புதோறும் காட்டும் ஓர் அட்டவணை உண்டு. கம்பளத்தில் நடக்கும் ஒருவர் மேல், ஈரப்பதம் 65 முதல் 90 சதவீதமாக இருக்கையில் 1,500 வோல்ட் சேருமாம். ஈரப்பதம் 10 முதல் 25 சதவீதமாக இருந்தால் அதே நடைக்கு 35,000 வோல்ட். மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுப்பதற்கே 1,200 வோல்ட், உலர்ந்த காற்றில் 20,000. உங்கள் அறை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பீரோ அடிக்கிற அடியைப் பார்த்தால் உலர்ந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

விரலில் சுருக்கென்று உணர்வதற்கே 3,000 வோல்ட் அளவு வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் பொறி பாயும், உங்களுக்குத் தெரியாது. இந்தத் துறையில் மனித உடலை 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகவும் 1,500 ஓம் மின்தடையாகவும் வைத்துச் சோதிப்பார்கள். அந்தக் கணக்குப்படி 3,000 வோல்ட் பொறியில் உச்சத்தில் 2 ஆம்பியர் பாய்கிறது. ஒரு நொடியில் கோடியில் சில பங்கு நேரம்தான், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ராம் சிப் வேலை செய்வது 1.2 வோல்ட்டில். அதன் உள்ளே டிரான்சிஸ்டர்களின் மேல் இருக்கும் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். ஒரு நானோமீட்டர் சிலிக்கன் ஆக்சைடு சுமார் ஒரு வோல்ட் தாங்கும். காப்பு டயோடு கொஞ்சம் தடுமாறினாலும் அந்தப் படலத்தில் துளை விழுந்துவிடும்.

"இதுவரை ஒன்றும் ஆனதில்லை" என்ற வாக்கியத்தை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பொறி பட்ட சிப் உடனே செத்தால் நல்லது, மாற்றிவிடலாம். பாதி பழுதாகி உயிரோடு இருப்பதுதான் கொடுமை. அது மாட்டிய அன்று ஓடும். ஒரு மாதம் கழித்து எப்போதாவது கணினி நின்றுபோய் நீலத்திரை வரும், சேமித்த கோப்பு திறக்காது, விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்ப்பீர்கள், வைரஸ் என்பார்கள், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்பார்கள். உங்கள் மகளின் வரைபடம் சமர்ப்பிக்கும் நாளில் அது நடக்கக் கூடாது. வெறுங்கையால் மாட்டிய கடைக்காரருக்கு அந்தப் பழுது தன் கையால் வந்தது என்று தெரிய வழியே இல்லை. வாடிக்கையாளரும் அதைச் சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை.

தொழிற்சாலையில் நாங்கள் உள்ளே நுழையும் வாசலிலேயே பட்டையையும் குதிகால் பட்டையையும் சோதிக்கும் கருவி இருக்கும். பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே போகலாம். மேலங்கியில் மின்னூட்டத்தைக் கடத்திவிடும் கரி இழை ஓடும். தண்ணீர் பாட்டில், தெர்மோகோல், சாதாரண பிளாஸ்டிக் கவர் எதுவும் போர்டுக்கு 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் வரக் கூடாது. சேர்ந்த புதிதில் பலருக்கு இதெல்லாம் மிகையாகத் தோன்றும். திருப்பி அனுப்பப்பட்ட போர்டுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் பிரிவுக்கு வந்த பிறகு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் இவ்வளவும் தேவையில்லை. ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்: நீங்களும், கேபினெட்டும், மாட்டப்போகும் பொருளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. வேறுபாடு இருந்தால்தான் பாய்ச்சல். எல்லோரும் "எர்த், எர்த்" என்கிறார்கள். எர்த் நல்லதுதான், ஆனால் ராமைக் காப்பாற்றுவது எர்த் அல்ல, இந்தச் சமநிலைதான். பிளக்கைப் பிடுங்கிய கணினியில்கூட உங்கள் உடலைக் கேபினெட்டோடு இணைத்துவிட்டால் ராம் பத்திரமாக இருக்கும்.

இனி செய்முறை. அந்த நைலான் கம்பளம் உள்ள அறையை விட்டு வெளியே வாருங்கள். சிமெண்ட் அல்லது மொசைக் தரை இருக்கும் இடத்தில் மரமேசையைப் போடுங்கள். அடுக்களை மேடையானாலும் பரவாயில்லை, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டால் போதும். கம்பளிச் சட்டையை முன்பே கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை போடுங்கள். குளிரும், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம்.

கணினியை முறையாக அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இது கட்டாயம். கணினியை அணைத்த பிறகும் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ராமைச் சொருகினால் நிலைமின்சாரமே தேவையில்லை, அதுவே கெடுத்துவிடும். பழுதுக்கு என்னிடம் வருகிறவற்றில் இந்த வகையைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். பிளக்கைப் பிடுங்கியதும் கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருப்பது வடிந்துவிடும். போர்டில் எரியும் சிறு விளக்கு அணைந்ததா என்று பாருங்கள்.

பிறகு பட்டை. கம்பியில்லாப் பட்டையை வாங்காதீர்கள். கம்பி இல்லை என்றால் மின்னூட்டம் போக வழி இல்லை. அது வெறும் கைக்கட்டு. கம்பி உள்ள பட்டைக்கு விலையும் அதிகமில்லை. அதன் கம்பியில் 1 மெகாஓம் மின்தடை ஒன்று இருக்கும். அது ராமுக்காக இல்லை, உங்களுக்காக. தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால்கூட அந்தக் கம்பி வழியாக 0.23 மில்லியாம்பியருக்கு மேல் பாயாது. வாங்கியதும் மல்டிமீட்டரில் பட்டையின் உலோகத் தகட்டுக்கும் கவ்விக்கும் நடுவே அளந்து பாருங்கள். சுமார் 1 மெகாஓம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சட்டைக் கைக்கு மேல் கட்டக் கூடாது. தகடு தோலில் அழுந்த வேண்டும். குளிருக்குத் தோல் மிக வறண்டிருந்தால் மணிக்கட்டை லேசாக ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

கவ்வியைக் கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். பலர் பளபளப்பான கறுப்புப் பெயின்டின் மேல் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடித்திருக்கும் திருகு, உள்சட்டத்தின் வெட்டு ஓரம், இவை நல்ல இடங்கள். வடபழனித் தம்பி சொன்ன "ஒருமுறை தொடுவது" அந்த நொடிக்குச் சரி. எழுந்துபோய்த் திருப்புளி எடுத்துவந்து மறுபடி உட்கார்ந்தால் நாற்காலித் துணியும் உங்கள் துணியும் உராய்ந்து மறுபடி மின்னூட்டம் ஏறிவிடும். பட்டை இல்லாதபோது இடது முழங்கையைக் கேபினெட்டின் வெற்று உலோகத்தில் சாய்த்துக்கொண்டே வேலை செய்வது நல்ல பழக்கம். எழுந்து வந்தால் முதலில் அதைத் தொட வேண்டும், பிறகுதான் மற்றது.

ராமை அதன் உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து மேசையில் வைக்காதீர்கள். உறையோடு கையில் பிடித்து, உறையைக் கேபினெட்டில் ஒருமுறை படவிட்டு, அதன் பிறகு வெளியே எடுத்து நேராக ஸ்லாட்டுக்குக் கொண்டுபோங்கள். வெட்டுப் பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்தினால் கிளிப் தானே மூடிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழைகூடக் காட்டக் கூடாது. காட்டினால், கடையில் திருப்பித் தரும் காலக்கெடு முடியும் முன் மாற்றிவிடலாம்.

குன்னூர்த் தந்தை எழுதியது:

சகோதரிக்கு மிக்க நன்றி. பட்டைக்குச் சொல்லிவிட்டேன், கம்பி உள்ளதுதான். அது வரும் வரை கேபினெட்டைத் திறக்கப்போவதில்லை.

பின்பக்கத் திருகில் வரும் அதிர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இன்று மல்டிமீட்டரை வைத்துக் கேபினெட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளந்தேன். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. இது ஆபத்தானதா? கடைக்காரர் பழைய ராமின் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துச் சுத்தம் செய்தார். புதிய ராமை மாட்டும்போது பழையதையும் அப்படித் தேய்க்கலாமா?

ஈரோட்டு வயர்மேன் எழுதியது:

அண்ணா, மல்டிமீட்டரை வைத்து மெயின் லைனில் இனி நீங்களே அளக்க வேண்டாம். நீங்கள் அளந்தது போதும், காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் கணினிக்கு எர்த் வரவில்லை.

நிலைமின்சாரம் ஒரு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். தொட்டுக்கொண்டே இருந்தால் விர்ரென்று தொடர்ந்து தெரிவது 50 ஹெர்ட்ஸ் மெயின் மின்சாரம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் கேபினெட் 230க்கு நடுவே, 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உடனே உயிராபத்து இல்லை. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளை ஹீட்டரிலோ வாஷிங் மெஷினிலோ ஃபேஸ் வயர் உடலில் பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. உங்கள் ராமைவிட எனக்கு அதுதான் கவலை.

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்களா? மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் மூன்றாவது துளை மட்டும் இருக்கும், உள்ளே பச்சை வயரே இருக்காது. நம்முடைய பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: சொருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். அந்த முள்ளை வளைத்தோ வெட்டியோ சொருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதெல்லாம் சரியாக இருந்தால் வீட்டின் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய பழைய குழி, தண்ணீர் ஊற்றாமல் விட்டால் காய்ந்துபோகும். மலைப்பகுதியில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும், எர்த் நன்றாகப் பிடிக்காது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். சிலர் சுலபமாக முடிக்க ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விர்ரென்ற அதிர்வு நின்றுவிடும், நீங்களும் மகிழ்ந்துவிடுவீர்கள். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த நொடியிலேயே கேபினெட் முழுவதும் 230 வோல்ட் ஏறும். அப்படிச் செய்ய விடவே விடாதீர்கள். கூடவே, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிடுங்கள்.

ராம் மாட்டுவதற்கு இதெல்லாம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அந்த 115 வோல்ட் இல்லை. பிளக்கைச் சொருகியே வைத்து, சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் எர்த் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல வயரிங்கில் அது உண்மை. ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். ஆனால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கட்டிய வீடுகள் ஏராளம். அங்கே ஸ்விட்சை அணைத்தாலும் ஃபேஸ் உள்ளே நிற்கும். காஞ்சி அக்கா சொன்னபடி பிளக்கைப் பிடுங்குவதுதான் சரி.

ஸ்காபரோ மணி எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். கொழும்பில் இருந்த காலத்தில் இந்தப் பொறியை நான் கண்டதே இல்லை. இங்கே மாசி முடியும் வரை கதவுக் குமிழைத் தொடவே தயக்கமாக இருக்கும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரி. அந்தக் காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்கினால், ஈரம் எதுவும் சேர்க்காவிட்டால், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

ஆகவே நாங்கள் செய்வது இதுதான். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி அறையில் வைத்திருக்கிறேன். கணனியைத் திறப்பதற்கு முன் ஈரமூட்டியைப் போட்டு 40 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிடுவேன். பீரோ அடிப்பது நிற்கும்போதே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். ஈரமூட்டி இல்லாவிட்டால் அறையில் ஈரத்துணிகளைக் காயப்போட்டாலும் ஓரளவு பலன் உண்டு. கணனி வேலைகளை நான் கம்பளம் இல்லாத நிலவறையில், சீமெந்துத் தரையில்தான் செய்கிறேன். கம்பளம் உள்ள அறையைத் தவிர்க்கவே முடியாது என்றால், துணி மென்மையாக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து முதல் நாளே கம்பளத்தில் மெல்லத் தெளித்துக் காயவிடலாம். கணனிக்குப் பக்கத்தில் தெளிக்க வேண்டாம்.

காஞ்சி போர்டுக்காரி எழுதியது:

வயர்மேன் தம்பி சொன்னதை ஐயா தள்ளிப்போடக் கூடாது. எர்த்தை முதலில் சரிசெய்யுங்கள்.

அழிப்பான் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கணினி பழுது பார்க்கும் கடையில் அழிப்பான் இல்லாத மேசை இருக்காது. திரை வரவில்லை என்றால் ராமைக் கழற்று, தேய், மாட்டு. பல நேரம் வேலையும் செய்கிறது. வேலை செய்வதற்குக் காரணம், கழற்றி மாட்டும்போதே ஸ்லாட்டில் இருந்த தூசியும் படலமும் விலகிவிடுவது. தேய்ப்பதால் இரண்டு கெடுதல்கள் வருகின்றன. ரப்பர் உராய்ந்து மின்னூட்டத்தை உண்டாக்குகிறது, அதுவும் நேராகச் சிப்பின் கால்களுக்குப் போகும் பற்களின் மேலேயே. இரண்டாவது, பற்களின் மேலிருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. பென்சில் அழிப்பானில் இருக்கும் பொடி அதைச் சுரண்டும். தங்கம் போனால் அடியில் இருக்கும் நிக்கல் வெளியே வரும், பிறகு அது படலம் பிடிக்கும், அடுத்த முறை சீக்கிரமே தேய்க்க வேண்டிவரும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு, ஒரே திசையில் மெல்ல இழுத்துத் துடைத்தால் போதும். காயும் வரை மாட்டாதீர்கள். உங்கள் பழைய ராம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதையும் செய்ய வேண்டாம்; தொடாமல் விடுங்கள்.

கேபினெட்டைத் திறந்ததும் தூசியைப் பார்ப்பீர்கள், சுத்தம் செய்யத் தோன்றும். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையை உள்ளே விடாதீர்கள். தூசி அந்த முனையில் உரசிக்கொண்டே போவதால் முனையில் மின்னூட்டம் ஏறும். அது போர்டின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். நைலான் பிரஷ்ஷும் வேண்டாம். ஓவியர்கள் வைத்திருக்கும் மயிர்த் தூரிகை போதும். காற்று ஊதும் கருவி இருந்தால், ஊதும்போது மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழல விட்டால் அதன் மோட்டார் மின்னாக்கி போல வேலை செய்து மின்சாரத்தைப் போர்டுக்குத் திருப்பி அனுப்பும், விசிறியின் தாங்கியும் (பேரிங்) கெடும்.

ராம் வந்த பெட்டியில் தெர்மோகோல் இருந்தால் அதை மேசையிலிருந்து தூர எடுத்துப் போடுங்கள். போர்டை வைக்க மெத்தென்று இருக்கிறதே என்று தெர்மோகோல் மேல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை வீட்டில் அதைவிட மோசமான பொருள் இல்லை. அது போர்டைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் இருந்தாலே அதன் மின்புலம் போர்டிலுள்ள மின்னூட்டங்களைப் பிரித்து வைக்கும், அந்த நேரம் நீங்கள் ஓர் இடத்தில் தொட்டால் அங்கே பாயும். நீங்கள் பட்டை கட்டியிருந்தும் இது நடக்கலாம். செல்லோ டேப்பைச் சரக்கென்று உரிப்பதும் இதே வகைதான். அட்டைப் பெட்டியின் டேப்பை வேறு அறையில் பிரித்துவிட்டு வாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பட்டை கட்டாமலும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் நேர்மின்சாரம், சிலவற்றில் 400 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

குன்னூர்த் தந்தை எழுதியது:

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கணினி மேசைக்குப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் பச்சை வயரே இல்லை. அதை மாற்றியதும் திருகில் அதிர்வு நின்றுவிட்டது. எர்த் குழியையும் அளந்தார். புதிதாக ஒன்று போட வேண்டும் என்கிறார், சரி என்று சொல்லிவிட்டேன். பட்டை வந்தது, மல்டிமீட்டரில் 1 மெகாஓம் காட்டியது. அடுக்களைக்குப் பக்கத்திலிருக்கும் சிமெண்ட் தரையில் மகளும் நானும் சேர்ந்து மாட்டினோம். மெம்டெஸ்ட் விடிய விடிய ஓடியது, பிழை இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. வீட்டில் இன்னொரு பழைய கணினியிலிருந்து கழற்றிய ஒரு ராமும், மதர்போர்டும் இருக்கின்றன. திருநெல்வேலியில் படிக்கும் தங்கை மகனுக்கு அனுப்பலாம் என்று பார்க்கிறேன். பஸ்ஸில் போகும்போது பழுதாகாமல் எப்படிக் கட்டுவது? இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கவர் இருக்கிறது, வெள்ளி நிறத்தில் ஒன்று இருக்கிறது.

காஞ்சி போர்டுக்காரி எழுதியது:

நல்ல செய்தி ஐயா. மகளுக்கு என் வாழ்த்துகள்.

வெள்ளி நிறம்தான் வேண்டும். அதில் மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது. வெளியே பொறி பாய்ந்தாலும் உள்ளே நுழைய விடாது. இளஞ்சிவப்புக் கவர் உராய்ந்தால் தானாக மின்னூட்டம் உண்டாக்காது, அவ்வளவுதான்; வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளிக் கவரில் ஓட்டையோ கிழிசலோ கசங்கி உரிந்த இடமோ இருந்தால் அதை நம்ப வேண்டாம். வாயை மடித்து வெளியே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் ஊசி அடிக்கக் கூடாது, துளை விழுந்து ஊசியே பொறிக்கு உள்ளே வழி காட்டிவிடும். கவருக்கு வெளியே குமிழ்த் தாளைச் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

ராமுக்கு வெள்ளிக் கவர் கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளில் முழுவதுமாகச் சுற்றி அனுப்பலாம். எல்லாப் பற்களும் ஒன்றாகிவிடுவதால் பத்திரமாகப் போய்ச் சேரும். மதர்போர்டுக்கு அதைச் செய்யாதீர்கள். அதில் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி இருக்கிறது, தாள் பட்டுக் குறுக்குச்சுற்று ஆகும். பேட்டரியைக் கழற்றித் தனியே ஒரு காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, போர்டை வெள்ளிக் கவரிலேயே போடுங்கள். தங்கை மகனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பெட்டி வந்ததும் கவரை மேசையில் வைத்துப் பிரிக்காமல், முதலில் தன் கையைக் கேபினெட்டின் வெற்று உலோகத்தில் வைத்துக்கொண்டு பிரிக்கட்டும்.